யாருடைய விடுதலை, யாருடைய பாட்டு? வட ஆற்காட்டுக் கப்பல்களும் ஆப்பிரிக்கக் கரைகளும்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சத்துவாச்சாரியில் இருக்கிறது. பட்டா மாற்றம், சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் மனுவோடு வந்து நிற்கும் இடம் அது. இந்த மாவட்டத்து ஊர்களின் பெயர்கள் நிறைந்த இன்னோர் ஆவணத் தொகுதி கடலுக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், காந்தி-லுதூலி ஆவண மையத்தில் காக்கப்படுகிறது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் அவை. வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடலில் உள்ள தழும்பு என்று கட்டம் கட்டமாகப் போகும் அந்தப் பட்டியலில் ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. ஜில்லா என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களில் ஒன்று வட ஆற்காடு.

ஆண்டுதோறும் மே 25 ஆப்பிரிக்க விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1963இல் அதே தேதியில் அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கின. ஆப்பிரிக்க வம்சாவளியினர் வாழும் நகரங்களில் அன்று மேடை போட்டால் அங்கே ஜமைக்காவின் ரெகே இசை ஒலிக்காமல் இருக்காது. அந்த மேடைக்கும் வேலூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அது இல்லை. இங்கிருந்து போனவர்களின் சந்ததி, ஆப்பிரிக்கரின் விடுதலையைத் தன் விடுதலையாக ஏற்ற இடம் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒலித்த ரெகேவிலிருந்து ஒதுங்கி நின்ற இடமும் உண்டு. இரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் தமிழர்களே. வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கப்பலேறிய ஜில்லா

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனை அடைந்தது. 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு.

அன்றைய வட ஆற்காடு இன்றைய வேலூர் மாவட்டத்தைவிடப் பல மடங்கு பெரியது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதன் தலைநகரமே சித்தூர்தான். குடியாத்தம், வாலாஜா, ஆற்காடு, போளூர், வந்தவாசி எல்லாம் அதன் தாலுகாக்கள். ஏரிப் பாசனத்தை நம்பிய பூமி. மழை பொய்த்தால் முதலில் பட்டினி கிடப்பது நிலமில்லாத கூலிக் குடும்பங்கள். 1866இல் நின்றுபோயிருந்த நேட்டால் ஆள்சேர்ப்பு 1874இல் மறுபடியும் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கப்பலுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் அலைந்து திரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை.

போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. வட ஆற்காடு தெருக்கூத்தின் தாய்நிலம். பாரதக் கூத்தும் திரௌபதி அம்மன் தீமிதியும் இந்த மண்ணில் இன்றும் ஊர்த் திருவிழாக்களாக நடக்கின்றன. நேட்டாலின் தோட்டக் குடியிருப்புகளில் கூத்து வேரூன்றியது. அங்கே பிறந்த தலைமுறை அதை ‘சிக்ஸ் ஃபுட்’ ஆட்டம் என்று அழைத்தது. ரீயூனியன் தீவில் அதுவே ‘பால் தமூல்’ ஆனது. நாடகம் என்ற சொல் ‘நார்ல்கோன்’ என்று தேய்ந்து அங்கே நிலைத்தது. மொரீஷியஸ், ரீயூனியன், நேட்டால் மூன்றிலும் தீமிதி நிற்கவில்லை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் புலம்பெயர்ந்தோரைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத்தான் எழுதுகின்றன: காவடி, கோயில், மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. கட்டிக்காத்தவை எழுத்தில் வந்துவிட்டன. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து அவர்கள் புதிதாக உண்டாக்கியவை வரவில்லை.

கரீஸ் ஃபவுண்டன், 1974

நேட்டாலில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் முதலிலிருந்தே தோளோடு தோள் நின்றார்கள் என்று சொன்னால் அது பொய். காந்தி காலத்துச் சத்தியாகிரகம் இந்தியரின் உரிமைக்கானது. மூன்று பவுன் தலைவரியை எதிர்த்த 1913 வேலைநிறுத்தமும் அப்படியே. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று 1914இல் தம் பதினாறாம் வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழ்நாடு நன்றாக அறியும். அதே போராட்டத்தில் பலமுறை சிறை சென்ற தம்பி நாயுடுவையும் ஓரளவு அறியும். கதை அத்தோடு நின்றுவிட்டதாகவே நம் பாடநூல்கள் நினைக்கின்றன.

தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு 1963இல் மண்டேலா தொடங்கிய ஆயுதப் படையின் உறுப்பினராகச் சுடப்பட்டுப் பிடிபட்டு, ராபன் தீவில் பத்தாண்டு சிறையிருந்தார். பேத்தி சாந்தி நாயுடு, வின்னி மண்டேலா உள்ளிட்டோர் மீதான வழக்கில் சாட்சி சொல்ல மறுத்ததற்காகச் சிறையில் வைக்கப்பட்டார். தாத்தா இந்தியரின் உரிமைக்குப் போராடினார். பேரப்பிள்ளைகள் ஆப்பிரிக்காவின் விடுதலைக்குப் போராடினார்கள். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

இடையில் நடந்தவை முக்கியமானவை. 1947 மார்ச் 9 அன்று நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர் டாக்டர் மான்ட்டி நாய்க்கரும், டிரான்ஸ்வாலின் டாக்டர் யூசுப் தாதுவும், ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் டாக்டர் சூமாவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ‘மூன்று டாக்டர்கள் ஒப்பந்தம்’ என்று வரலாறு அதைக் குறிக்கிறது. இரண்டு ஆண்டு கூடக் கழியவில்லை. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே கலவரம் வெடித்து 142 பேர் மாண்டார்கள். மேலே கையெழுத்தான ஒற்றுமை கீழே கடைத்தெருவுக்கும் பேருந்துக்கும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

அடுத்த தலைமுறை அந்த இடைவெளியை வேறு வழியில் கடந்தது. நிறவெறி அரசு இந்தியருக்கென்று தனிக் குடியிருப்பு, தனிப் பள்ளி, தனிப் பல்கலைக்கழகம் என்று பிரித்து வைத்தது. பிரித்து வைத்த அந்தக் கல்லூரிகளிலிருந்தே ஸ்டீவ் பிகோவின் சாசோ மாணவர் அமைப்புக்கு ஆட்கள் வந்தார்கள். சட்டத்தால் ஒடுக்கப்பட்ட ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் அனைவரும் கறுப்பரே என்று சாசோ 1971இல் அறிவித்தது. தோலின் நிறத்தை அது அளவுகோலாகக் கொள்ளவில்லை. சட்டத்தின் முன் ஒருவர் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பதைக் கொண்டது. டர்பனில் பிறந்த சதாசிவன் கூப்பரும் ஸ்ட்ரினி மூட்லியும் இந்த இயக்கத்தின் முன்வரிசையில் இருந்தார்கள். மூட்லி என்பது நம் முதலியார்தான். இருவருமே நாடகக்காரர்கள், நேட்டால் நாடக மன்றம் என்ற குழுவில் இயங்கியவர்கள்.

1974 ஏப்ரலில், மொசாம்பிக்கை ஆண்ட போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் சர்வாதிகாரம் கவிழ்ந்தது. செப்டம்பர் 7 அன்று லுசாக்காவில் உடன்பாடு கையெழுத்தாகி, மொசாம்பிக்கில் ஃப்ரெலிமோ இயக்கத்தின் இடைக்கால அரசு பதவியேற்றது. நேட்டாலுக்கு வடக்கே உள்ள நாடு வெள்ளையர் கையிலிருந்து போனது. அதைக் கொண்டாட சாசோவும் கறுப்பர் மக்கள் மாநாடும் செப்டம்பர் 25 அன்று ‘விவா ஃப்ரெலிமோ’ பேரணி அறிவித்தன. ஃப்ரெலிமோ ஆயுதப் போராட்டம் தொடங்கிய பத்தாம் ஆண்டு நாள் அது. டர்பனில் அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கரீஸ் ஃபவுண்டன். இந்தியர்களின் கால்பந்துப் போட்டிகளால் பெயர்பெற்ற மைதானம். அரசு பேரணிக்குத் தடை விதித்தது. தடையை மீறிக் கூட்டம் கூடியது. போலீஸ் நாய்களை ஏவிக் கலைத்தது.

தொடர்ந்த வழக்கில் ஒன்பது பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அவர்களில் கூப்பரும் மூட்லியும் இருவர். அரசுத் தரப்பின் ஆதாரங்களில் கவிதைகளும் நாடகங்களும் இருந்தன; பாட்டும் நடிப்பும் கிளர்ச்சிக்குத் தூண்டும் என்பதே அரசின் வாதம். 1976 மே மாதம் பிகோ எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து பல நாட்கள் பேசினார். ஆண்டின் இறுதியில் ஒன்பது பேரும் தண்டிக்கப்பட்டு ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

புலம்பெயர்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், அண்டை நாட்டு ஆப்பிரிக்கரின் விடுதலையைத் தங்கள் ஊர் மைதானத்தில் கொண்டாடத் துணிந்து, அதற்காகச் சிறைக்கும் போனார்கள். தமிழர் வரலாற்றில் ஆப்பிரிக்க விடுதலைக் கொண்டாட்டம் என்று ஒன்றைச் சுட்டிக் காட்டச் சொன்னால் அதுதான். தமிழில் இதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

ஜமைக்காவின் கணக்கு

ரெகே பிறந்தது வேறு கடலில். ஜமைக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1845 மே 10 அன்று முதல் இந்தியக் கப்பல் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் நின்றது. 1917 வரை ஏறத்தாழ 36,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர், சிறு பகுதியினர் சென்னை வழியாக. கஞ்சா என்ற செடியும் அதன் பெயரும் அவர்களோடு போய்ச் சேர்ந்தன. ரஸ்தாஃபாரி நெறியின் முன்னோடிகளில் ஒருவரான லெனர்ட் ஹவல் 1930களில் தம் நூலை வெளியிட்டபோது சூடிக்கொண்ட புனைபெயர் ஜி.ஜி. மராக், ‘மகாராஜா’வின் சாயல் கொண்ட இந்தியப் பெயர். அடிமைகளின் பேரனும் கூலிகளின் பேரனும் ஒரே தோட்டத்தில் வேலை செய்ததன் தடம் இது.

அந்த நெறியின் உள்ளீடு என்ன? மார்கஸ் கார்வி 1914இல் தொடங்கிய இயக்கம், கறுப்பருக்கு ஒரு கடந்த காலமும் ஒரு தாய்நாடும் உண்டு என்றது. 1930 நவம்பர் 2 அன்று எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி முடிசூடியபோது, ஜமைக்காவின் ஏழைகள் சிலர் அதைத் தீர்க்கதரிசனத்தின் நிறைவாகக் கண்டார்கள். பள்ளிக்கூடம் சொல்லித்தந்த வரலாற்றைப் புறந்தள்ளித் தங்களுக்கான வரலாற்றைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

தமிழ் வாசகருக்கு இது புதியதல்ல. கார்விக்கு முன்பே, 1907இல், அயோத்திதாச பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். தீண்டப்படாதவர் எனப்பட்டோர் பூர்வத்தில் பௌத்தர்கள் என்றும், அவர்களுக்கென்று ஒரு சரித்திரம் உண்டு என்றும் வாரம்தோறும் எழுதினார். அவ்விதழுக்குக் கோலார் தங்க வயலிலும் பர்மாவிலும் நேட்டாலிலும் வாசகர்கள் இருந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் திரண்டிருந்த இடங்களும் இவையே. கார்வியை அயோத்திதாசர் அறியார், அயோத்திதாசரைக் கார்வி அறியார். மேலிருந்து திணிக்கப்பட்ட இழிவை எதிர்க்க இருவரும் கையில் எடுத்த ஆயுதம் ஒன்றே.

ரெகே இந்த மாற்று வரலாற்றுக்குத் தாளம் கொடுத்தது. பாப் மார்லி 1976இல் வெளியிட்ட ‘வார்’ பாடலின் அடிப்படை, செலாசி 1963இல் ஐ.நா. அவையில் ஆற்றிய உரை. 1980 ஏப்ரல் 17 நள்ளிரவில் ஜிம்பாப்வேயின் கொடி ஏறிய விழாவில் மார்லி பாடினார். ஒலிக்கருவிகளைச் சொந்தச் செலவில் விமானத்தில் கொண்டுவந்திருந்தார். அரங்குக்கு வெளியே திரண்ட மக்கள்மீது போலீஸ் வீசிய கண்ணீர்ப் புகை மேடைவரை வந்தது. 2018இல் யுனெஸ்கோ ரெகேவை மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

மொரீஷியஸ்: பக்கத்துத் தெரு

ரெகேவும் தமிழரும் நெருங்கி வாழும் நாடு மொரீஷியஸ். அங்கே ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியான கிரியோல் மக்களின் இசை செகா. ஆட்டுத்தோல் போர்த்திய ராவான் என்ற வட்டமான பறையை நெருப்பில் காய்ச்சி, தோலை இறுக்கி வாசிப்பார்கள். வட ஆற்காட்டில் பறை அடிப்பவர்களும் அப்படித்தான் வைக்கோல் தீயில் காட்டிச் சூடேற்றுகிறார்கள். 1980களில் ரோஷ் புவா என்ற ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்த ஜோசப் ரெஜினால்ட் டோபீஸ், செகாவையும் ரெகேவையும் இணைத்து ‘செகே’ என்ற இசையை உருவாக்கினார். மார்லியின் 1978 இசைத்தட்டின் பெயரையே தம் பெயராக்கிக் ‘காயா’ ஆனார்.

1999 பிப்ரவரியில், கஞ்சாவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கக் கோரிய இசை நிகழ்ச்சிக்குப் பிறகு காயா கைதானார். பிப்ரவரி 21 அன்று போலீஸ் காவலில் இறந்து கிடந்தார். தீவு பல நாட்கள் பற்றி எரிந்தது. போலீஸை எதிர்த்துத் தொடங்கிய கிளர்ச்சி சில இடங்களில் கிரியோல்களுக்கும் இந்துக்களுக்குமான மோதலாகத் திரும்பியது.

ஏன் திரும்பியது? 1968இல் மொரீஷியஸ் விடுதலை பெற்றபோது இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையினர். வாக்கு இருந்தது; அதன் வழியே அரசு வேலை வந்தது; கரும்பு நிலத்தில் ஒரு பங்கும் சிலருக்குக் கிடைத்திருந்தது. கிரியோல் மக்களுக்கு இவை கிட்டவில்லை. அடிமை ஒழிப்பு நாள் பிப்ரவரி 1, ஒப்பந்தக் கூலிகள் வந்த நாள் நவம்பர் 2. இரண்டும் தேசிய விடுமுறைகள். ஆனால் இரண்டு தனித்தனி நினைவுகள். யுனெஸ்கோ பட்டியலிலும் கூலிகள் இறங்கிய ஆப்ரவாசி கட் 2006இல் ஏறியது, தப்பியோடிய அடிமைகளின் லெ மார்ன் மலை 2008இல் ஏறியது. ஒரே கரும்பை வெட்டியவர்களின் துயரத்துக்கு இரண்டு கோப்புகள்.

பக்கத்திலுள்ள ரீயூனியன் இன்னொரு விதம். அங்கே 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. அந்த நாள் இன்று தீவு முழுவதும் விடுமுறை, விழா. அன்று ஒலிக்கும் மலோயா, அடிமைகளின் இசை. பிரெஞ்சு நிர்வாகம் நீண்ட காலம் அதை ஒதுக்கி நசுக்கியது. ரீயூனியன் கம்யூனிஸ்ட் கட்சி அதைத் தன் மேடைகளில் ஏற்றிக் காத்தது. ‘மலபார்’ என்று அங்கே அழைக்கப்படும் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த கில்பேர் புனியா, 1979இல் ‘சிஸ்காகான்’ குழுவைத் தொடங்கி மலோயாவை உலக மேடைக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர். ரீயூனியனில் தமிழர்கள் ஆளும் பெரும்பான்மை ஆகவில்லை; பிரெஞ்சு ஆட்சியின் முன் எல்லாரும் கிரியோல் பேசும் தீவுக்காரர்களே. மொரீஷியஸில் எளிதில் கைகூடாத நெருக்கம் இங்கே பாட்டில் கைகூடியது.

நேட்டால், மொரீஷியஸ், ரீயூனியன் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் விடை தெளிவாகிறது. எந்த இடத்தில் சட்டமும் ஆட்சியும் தமிழரை ஆப்பிரிக்கரின் பக்கத்தில் நிறுத்தினவோ, அங்கே அவர்களின் விடுதலை தமிழரின் விடுதலையும் ஆயிற்று. எந்த இடத்தில் தமிழர் ஒரு படி மேலே ஏறினார்களோ, அங்கே அந்த இசை அடுத்த தெருச் சத்தமாகவே நின்றது. தென்னாப்பிரிக்காவிலும் இது நிலையான வெற்றி அல்ல. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர் பெரும்பான்மையாக வாழும் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். கரீஸ் ஃபவுண்டனில் கூடியவர்களின் ஊர்தான் அதுவும்.

வட ஆற்காட்டுக்குத் திரும்பும் பாட்டு

தமிழ்நாட்டுக்கு ரெகே வந்து சேர்ந்த வழி வேடிக்கையானது. 1996இல் ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் பாடிய அப்பாச்சி இந்தியன், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துப் பஞ்சாபி. ஜமைக்காக் குடியேறிகளின் ஹாண்ட்ஸ்வர்த் பகுதியில் வளர்ந்ததால் அவர்களின் பேச்சு வழக்கைப் பிடித்துக்கொண்டவர். நாம் அதை ஆட்டத்துக்கான பாட்டாக எடுத்துக்கொண்டோம். விடுதலைச் செய்தி வழியில் இறங்கிவிட்டது.

அந்தச் செய்தி வேறு வாகனத்தில் வந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பிலும் டென்மாவின் இசைத் தலைமையிலும் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. கானா, பறை, ராப் எல்லாம் ஒன்றாக ஒலித்த அந்தக் குழுவில் அறிவு என்ற இளைஞர் இருந்தார்; ஊர் அரக்கோணம், பழைய வட ஆற்காட்டு மண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் கதையை வைத்து அவர் எழுதிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் போனது. தோட்டம் போட்டவனுக்கு நிலமில்லை என்ற முறையீடு அதன் உயிர். ஜமைக்காவின் பாட்டும் அந்த முறையீட்டில்தான் தொடங்கியது. அறிவுவின் பாட்டு ரெகே அல்ல. ரெகே செய்த வேலையைத் தமிழில் செய்கிறது.

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளுக்கும் ஆப்பிரிக்காவோடு உறவு உண்டு. எத்தியோப்பியாவின் தோல் தொழில் நிறுவனத்துக்குச் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2010களில் பயிற்சியும் தொழில்நுட்பமும் அளித்தது. ரஸ்தாக்களின் புனித பூமி நமக்குத் தோல் வணிகத்தில் கூட்டாளி. ஆனால் இந்தத் தோல் பகுதியிலேயே, தோலைத் தொட்டவரையும் பறையைத் தொட்டவரையும் ஊருக்கு வெளியே நிறுத்திய வழக்கம் இன்னும் முழுதாகச் சாகவில்லை. மொரீஷியஸின் ராவானைத் தள்ளி நின்று பார்த்த பார்வை கப்பலில் பிறந்ததல்ல. அதில் ஒரு பகுதி இங்கிருந்து ஏற்றுமதியானது. இதை ஒப்புக்கொள்ளாமல் ஆப்பிரிக்காவோடு நமக்குள்ள உறவைக் கொண்டாடுவது வெறும் மேடைப் பேச்சு.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நேட்டால் கப்பல் பட்டியல்களில் வட ஆற்காட்டு ஊர்களுக்குரிய பக்கங்களைத் தாலுகாவாரியாகத் தமிழில் தொகுக்கலாம். வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் அவற்றுக்கு ஓர் அறை ஒதுக்கலாம். அங்கே வள்ளியம்மையின் படத்துக்குப் பக்கத்தில் சதாசிவன் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி, சாந்தி நாயுடு படங்களும், பறைக்குப் பக்கத்தில் ராவானும் இருக்க வேண்டும். மே 25 அன்று, இங்கே படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களை விருந்தினராக அன்றி உரியவர்களாக அழைத்து அந்த அறையைத் திறக்கலாம். பட்டியலில் தம் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்க்க விரும்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதைப் பார்க்கும் உரிமை உண்டு. சத்துவாச்சாரியில் மனு வாங்கும் மாவட்ட நிர்வாகம் இந்த மனுவையும் வாங்கிக்கொள்ளட்டும்.